‘நெறஞ்சிருக்கு’ என்று வந்த பதில்

அழுக்கான பட்டியலைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. வீட்டு விசேஷத்துக்கு அழைக்க அம்மா எழுதி வைத்திருக்கும் நோட்டில் ஒரே சித்தப்பா இரண்டு பக்கத்தில் இருந்தால், ஒன்றை அடித்துவிட்டுத்தான் எனக்குச் சோறு இறங்கும். சென்னையில் ஒன்பது வருஷம் இந்தக் குணத்தை வைத்துத்தான் பிழைத்தேன். யாரோ எங்கோ தட்டிவிட்ட தரவை வாங்கி, பிழை நீக்கி, ஒழுங்குபடுத்தி, டேட்டாபேஸில் சேர்க்கும் வேலை. அப்பா படுக்கையில் விழுந்த பிறகு ஆலங்காயத்துக்கே திரும்பி வந்துவிட்டேன். வேலை மடிக்கணினியோடு கூடவே வந்தது. குணமும் வந்தது.

மலைமேல் ஒரு சின்ன மருத்துவக் குழு இருந்தது. ஜமுனாமரத்தூரில் இரண்டே அறை. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு மாத்திரை விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் செய்துவந்த வேலைகளில் ஒன்று. அந்த மாத்திரையை நடுவில் நிறுத்தினால் அடங்கியிருந்த வலிப்பு முன்னைவிட மூர்க்கமாக வரும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து எவ்வளவு இருக்கிறது என்று கேட்பார்கள். குறைந்துபோன வீடுகளுக்கு ஆலங்காயத்தில் மருந்தாளுநர் பொட்டலம் கட்டி, காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். அந்தந்த ஊர் நிறுத்தத்தில் வீட்டுக்காரர்கள் வந்து வாங்கிக்கொள்வார்கள். எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தர முடியுமா என்று டாக்டர் கேட்டபோது, நோட்டை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு உடனே ஒத்துக்கொண்டேன். அந்த நோட்டைப் பார்த்த பிறகு ஒத்துக்கொள்ளாமல் இருக்க என்னால் முடியாது.

போன் செய்கிறவர் மலையிலேயே பிறந்து மலையிலேயே வாழ்க்கைப்பட்டவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊர்களில் அவரைப் போன் அக்கா என்பார்கள்; எனக்கும் அவர் அக்காதான். செவ்வாய்க்கிழமை காலையில் உட்கார்ந்தால் மதியத்துக்குள் நாற்பது வீட்டுக்கும் பேசி முடித்துவிடுவார். பாதி ஊர்களில் டவர் கிடைக்காது. பாறைமேல் ஏறி நின்றும் மேட்டு நிலத்துக்கு நடந்து வந்தும் பேசுகிறவர்களிடம் விலாவாரியாக விசாரிக்க முடியாது. ஒரு கேள்வி, ஒரு பதில், அதற்குள் லைன் போய்விடும். அந்தப் பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே அக்கா போட்டுவைப்பார்.

நான் செய்து கொடுத்த முதல் திரையில் பதிலுக்கு ஒரு காலிக் கட்டம் விட்டிருந்தேன். எதை வேண்டுமானாலும் தட்டலாம். ஒரு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் தலை சுற்றியது. இருக்குது, இருக்கு, கீது, கொஞ்சூண்டு, நாலு நாளிக்கி வரும், தீந்து பூட்ச்சி, மழ பெய்து அப்பால பேசறேன். ஒரு கட்டத்தில் ‘ஆடு காணோமாம், தேடினு கீறாங்க’ என்று இருந்தது. மாத்திரையைப் பற்றிக் கேட்டால் ஆட்டைப் பற்றி எழுதி வைத்திருக்கிறாரே என்று பல்லைக் கடித்தேன்.

தரவை எங்கே சுத்தம் செய்வது, எங்கே சரிபார்ப்பது என்பது எங்கள் தொழிலில் தீராத சண்டை. தட்டும்போதே திரையில் தடுக்கலாம். வழியில், சர்வரில் ஓடும் நிரலில் வடிகட்டலாம். கடைசியில் டேட்டாபேஸே ஏற்க மறுக்கலாம். எனக்கு இதில் சந்தேகமே இருந்ததில்லை. பிறந்த தேதி அடுத்த வருஷத்தில் விழுந்தால் திரையிலேயே நிறுத்த வேண்டும், ஏனென்றால் சரியான தேதி தெரிந்தவர் அப்போதுதான் எதிரில் இருக்கிறார். பதினாறு கிலோ பிள்ளைக்கு நூற்றறுபது என்று தட்டினாலும் அப்படித்தான். நோயாளி யாரென்று இல்லாத மாத்திரைச் சீட்டு உள்ளே வரக்கூடாது என்பது போன்ற விதி டேட்டாபேஸில் இருக்க வேண்டும். திரையை நாளைக்கு வேறு யாராவது மாற்றிவிடுவார்கள், அந்த விதி மாறாது. இந்த வழவழா கொழகொழா சொற்களை மட்டும் நடுவில் நானே சுத்தம் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

அதற்கு முன்னால் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டேன். முழு, பாதி, இல்லை என்று மூன்று பொத்தான் வைத்துவிடுகிறேன், எதையாவது ஒன்றை அமுக்குங்கள் என்றேன்.

“பட்டன்லாம் வேணாம்மா. அவங்க சொல்றத நான் போடறேன். நாளிக்கி யாராச்சும் இன்னா சொன்னாங்கன்னு கேட்டா, பட்டன் இன்னா பதில் சொல்லும்?”

“சரிக்கா, நீங்க எப்டி வேணா போடுங்க. நான் பின்னாடி க்ளீன் பண்ணிக்கறேன்” என்றேன். என் குரலில் கொஞ்சம் திமிர் இருந்தது. அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை.

அந்த வாரமே உட்கார்ந்தேன். வந்திருந்த சொற்களையெல்லாம் ஒரே நெடுக்குப் பட்டியலாக எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்றை எழுதிக்கொண்டே வந்தேன். கீது என்றால் முழு. கொஞ்சூண்டு என்றால் பாதி. தீந்து பூட்ச்சி என்றால் இல்லை. ‘நெறஞ்சிருக்கு’ பதினொரு இடத்தில் வந்திருந்தது. யோசிக்கவேயில்லை. நிறைந்திருக்கிறது, அதாவது முழு. அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன். சுத்தம் செய்த சொல்லைப் பழைய சொல்லின் மேலேயே எழுதும்படி நிரலை அமைத்தேன். இரண்டையும் வைத்துக்கொள்வது, வீட்டைக் கூட்டிவிட்டுக் குப்பையைக் கதவோரம் குவித்து வைப்பதுபோல எனக்குப் பட்டது.

முன்பெல்லாம் யாருக்கு மாத்திரை அனுப்ப வேண்டும் என்ற சீட்டை அக்காதான் தன் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புவார். அதையும் நிரலிடம் கொடுத்துவிட்டேன். பாதி, இல்லை என்று இருக்கும் வீடுகளை அதுவே பொறுக்கிச் சாயங்காலத்துக்குள் மருந்தாளுநரின் போனுக்கு அனுப்பிவிடும். முழு என்று இருந்தால் அந்த வாரம் அந்த வீட்டுக்குப் பொட்டலம் கிடையாது. அக்காவுக்கு ஒரு வேலை குறைந்தது என்று டாக்டர் பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. படுத்திருந்த அப்பாவிடம்கூடப் போய்ச் சொன்னேன்.

புளி உலுக்கும் பருவத்தில் ஒரு திங்கட்கிழமை காலை அக்கா போன் செய்தார். அவர் குரலே சரியில்லை.

“அந்த எட்டு வயசுப் பொண்ணும்மா. அடுப்பாண்ட வலிப்பு இஸ்துகிச்சாம். கை நெருப்புல பூட்ச்சி. கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிகீறாங்க.”

நான் அந்தப் பெண்ணைப் பார்த்ததில்லை, ஆனால் பட்டியலில் தெரியும். மூன்று வயதிலிருந்து வலிப்பு. இரண்டு வருஷமாக ஒழுங்காக மாத்திரை போட்டு, ஒருமுறைகூட வராமல், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை. அப்பா புளி உலுக்கப் போயிருக்கிறார். அம்மா தண்ணீர் எடுத்து வரப் போன நேரத்தில் அடுப்பின் முன்னால் விழுந்திருக்கிறாள். வலது கை எரிகிற விறகின்மேல் கிடந்திருக்கிறது. மாத்திரை தீர்ந்து ஆறு நாளாகியிருந்தது.

உடனே அவளுடைய பதிவைத் திறந்தேன். கடந்த செவ்வாய், முழு. அதற்கு முந்தின செவ்வாய், முழு. தேதி சரி, நோயாளி எண் சரி, திரையில் வைத்த சோதனை, சர்வரில் வைத்தது, டேட்டாபேஸில் வைத்தது என்று ஒன்றிலும் ஒரு சின்னக் குறைகூட இல்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்: எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நம்மேல் தப்பில்லை என்ற நிம்மதி. அதற்கு அடுத்தது கோபம்.

“அக்கா, அந்தம்மா பொய் சொல்லியிருக்காங்க. ரெண்டு வாரமா முழுசா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. அப்புறம் நாம எப்டிக்கா அனுப்புவோம்?”

“முழுசா இருக்குதுன்னா? யாரு சொன்னது?”

“நீங்கதானேக்கா போட்டிருக்கீங்க. சிஸ்டத்துல இருக்குது.”

“நான் அப்டி போடலியேம்மா. நெறஞ்சிருக்குன்னு போட்டேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானேக்கா?”

அக்கா வேறு பக்கமாக வந்தார்.

“உங்க வூட்ல அரிசி தீந்துட்டா உங்கம்மா இன்னான்னும்மா சொல்லுவாங்க?” என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் மட்டும் என்ன, அரிசி, உப்பு, மஞ்சள், குங்குமம், இவற்றையெல்லாம் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லும் பெண்ணை நான் பார்த்ததில்லை. சொன்னால் உண்மையிலேயே இல்லாமல் போய்விடும் என்று ஒரு பயம். அதனால் தீர்ந்ததையும் தீரப்போவதையும்தான் நிறைந்திருக்கிறது என்பார்கள். ‘உப்பு நெறஞ்சிருக்கு, கடைப்பக்கம் போனா வாங்கினு வா’ என்று அம்மா அந்தச் சொற்பட்டியலோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வாரத்தில்கூடச் சொல்லியிருப்பாள். நானும் ஒரு பாக்கெட் வாங்கி வந்து வைத்திருப்பேன். உப்பு நிறைய இருக்கும்போது எதற்கு வாங்குகிறோம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அடுப்படியிலிருந்து குரலாக வந்தபோதெல்லாம் புரிந்த சொல், திரையில் எழுத்தாக வந்தவுடன் எனக்கு அகராதிச் சொல்லாகிவிட்டது. என் கன்னத்தில் நானே ஒரு அறை விட்டுக்கொண்டேன். சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்து, இன்னாடி என்றாள்.

“ஆனா மாத்திரைக்குப் போயி ஏன்க்கா அப்டி சொல்லணும்?” என்று கேட்டேன். தப்பித்துக்கொள்ள இன்னும் ஒரு சந்து தேடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

“அது இன்னா தலைவலி மாத்திரையா? பொண்ணு உசுரே அதுல நிக்குது. அத்தப் போயி இல்லன்னு பெத்தவ வாயால சொல்லுவாளா? சாமைப் பானையிலதாம்மா வெச்சினு கீறாங்க.”

இரண்டு வாரமும் அந்த அம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அக்காவும் அதைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார். முந்தின வாரம் தீரப்போகிறது என்று சொல்லியும் பொட்டலம் வரவில்லை என்பதால், அடுத்த வாரம் இன்னொரு தடவை சொல்லிவிட்டு, சொல்லியாயிற்று, வந்துவிடும் என்று தினமும் பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றிருக்கிறார். கண்டக்டர் கையை விரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

வேறு எந்தெந்த வீடுகளில் இதே சொல்லைச் சொன்னார்கள் என்று தேடினேன். தேடுவதற்கு ஒன்றுமே இல்லை. மேலே எழுதிய ‘முழு’வுக்கு அடியில் பழைய சொல் இல்லை. ‘இருக்குது’ என்று சொன்ன வீடும் ‘நெறஞ்சிருக்கு’ என்று சொன்ன வீடும் என் பட்டியலில் ஒன்றுபோலவே இருந்தன. பத்திரத்துக்காக எடுத்துவைக்கும் நகல்கூட வாராவாரம் பழையதை அழித்துவிட்டுத் தானே புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்திருந்தேன். அதையும் நானேதான் கெட்டிக்காரத்தனமாகச் செய்திருந்தேன். அக்கா பாதி, நான் பாதி என்று நாற்பது வீட்டையும் பிரித்துக்கொண்டு போன் செய்தோம். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து எண்ணிச் சொல்லுங்கள் என்று கேட்டோம். இன்னும் மூன்று வீட்டில் ஒன்றுமில்லை. ஒரு வீட்டில் பெரியவருக்கு இரண்டு முறை வந்து போயிருந்தது. உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று இருந்துவிட்டோம் என்றார்கள். அன்று மதிய பஸ்ஸில் பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு நானே மலையேறினேன். காவலூர் தாண்டும் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே போனேன்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் மாற்றினேன். சொன்ன சொல் சொன்னபடியே ஒரு கட்டத்தில் இருக்கும், அதை யார் திருத்த வந்தாலும், நானே வந்தாலும், டேட்டாபேஸ் மறுத்துவிடும். நான் எடுத்துக்கொண்ட பொருள் அதற்குப் பக்கத்தில் தனியாக இருக்கும். புதிதாக ஒரு சொல் வந்தால் நிரல் தானாக ஊகிக்காமல் அக்காவிடம் திருப்பிக் கேட்கும். எத்தனை அட்டை என்ற எண்ணுக்குத் தனிக் கட்டம் இருக்கும். அக்கா பார்த்துச் சரி என்று சொல்லாமல் சீட்டு கீழே வராது. தரவை எங்கே சுத்தம் செய்வது என்று இப்போது யாராவது கேட்டால், எண்ணையும் தேதியையும் எங்கே வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், ஒருவர் சொன்ன சொல்லை மட்டும் அவரைத் திருப்பிக் கேட்கக்கூடிய இடத்தில் வைத்துச் செய்யுங்கள் என்பேன். அன்றைக்கு அந்தப் பொத்தான்கள் இருந்திருந்தால் அக்கா ‘இல்லை’யைத்தான் அமுக்கியிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். இதையெல்லாம் யோசித்து யோசித்து நிறையத் திருத்தினேன். அந்தக் கைக்கு இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் திரும்பி வந்த பிறகு, அக்காவும் நானும் அந்த ஊருக்குப் போனோம். பஸ் நிறுத்தத்திலிருந்து முக்கால் மணி நேர நடை. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்த அம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பிள்ளை வாசலில் உட்கார்ந்திருந்தாள். மூன்று விரல் உள்ளங்கையோடு ஒட்டி மடிந்துவிட்டிருந்தது. வளர்ந்த பிறகு அறுத்துப் பிரித்துப் பார்க்கலாம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். இடது கையால் எழுதப் பழகுகிறேன் என்று நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு வரியில் இரண்டு எழுத்துதான் அடங்கியிருந்தது. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் அம்மாவிடம் போனேன்.

“தப்பு என்னுதுங்க. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் தப்பா எழுதி வெச்சிட்டேன்” என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தார். “நான் நெறஞ்சிருக்குன்னுதானேக்கா சொன்னேன்? அது தப்பா?”

“தப்பில்லடி. இந்தம்மாவுக்குத்தான் புரியல.”

“எங்க வூட்டுக்காரரு கேட்டாரு. வாயத் தொறந்து இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா புள்ள கை பூட்டிருக்குமான்னு. நானும் அத்ததான் நெனச்சினு கீறேன்.”

பழி அந்த வீட்டில் யார்மேல் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கணவரும் அங்கேதான் இருந்தார். அவரிடமும் போய் நின்று, அவங்க மேல தப்பே இல்லீங்க, முழுக்க என் தப்புங்க என்று சொன்னேன். சரிங்க மேடம் என்று மரியாதையாகத் தலையாட்டினார். ஊரிலிருந்து வந்த படித்தவள் ஏதோ ஆறுதல் சொல்கிறாள் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார், முகத்திலேயே தெரிந்தது. கிளம்பும்போது அந்த அம்மாவிடம், இனிமேல் நீங்கள் எப்போதும்போலச் சொல்லுங்கள், எல்லாம் மாற்றிவிட்டேன் என்றேன். அவர் டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

இப்போது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஜமுனாமரத்தூருக்குப் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். ஸ்பீக்கரில் போட்டு, அவர்கள் சொல்வதைக் காதால் கேட்பேன். முதல் தடவை போனபோது அந்த வீட்டு முறை வந்தது. காற்று போனில் மோதுகிற சத்தம் கேட்டது.

“மாத்திர எப்டி கீதும்மா?” என்று அக்கா கேட்டார்.

“இல்லீங்கக்கா. சுத்தமா இல்லீங்க.”

அக்கா திடுக்கிட்டுவிட்டார். “போன வாரந்தானே பஸ்ஸுல வந்துச்சி? பானைல பாத்தியா?”

“ரெண்டு அட்டை கீதுங்க. ஆனா நீங்க இல்லன்னே எழுதிக்கங்க. நாம சொல்றது அந்தப் பொட்டிக்கு வெளங்காதுங்க.”

அக்கா தட்டாமல் என் முகத்தைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் பிள்ளையின் உயிர் நிற்கிற பொருளை, கையில் இருக்கும்போதே, பெற்றவள் தன் வாயால் இல்லை என்று சொல்லிவிட்டாள். அப்படிச் சொல்லவைத்தவள் நான்.